ஒரு மாலை விழாவும் நான்கு ஆண்டுக் காலணியும்

நம் சங்கத்தில் உதவி நிதிக்காக ஒரு கலை நிகழ்ச்சி நடந்தால், நன்றியுரை முடியும் முன்பே அவையில் ஒரு கேள்வி எழுந்துவிடும்: "எவ்வளவு சேர்ந்தது?" பொருளாளர் ஒரு தொகையைச் சொல்வார், கைதட்டல் எழும், எல்லோரும் மன நிறைவோடு வீடு திரும்புவோம். நானும் நான்கு ஆண்டுகள் பொருளாளராக இருந்து அந்தத் தொகையை மேடையில் அறிவித்தவன்தான். ஆனால் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: "இது எத்தனை நாளைக்கு வரும்?" ஊனமுற்றோருக்காக நிதி திரட்டும்போது இந்த இரண்டாவது கேள்விக்கே அதிக மதிப்பு என்பது என் கருத்து. அது ஏன் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். நாம் ஊரை விட்டு வந்த காலத்தில் 'ஊனமுற்றோர்' என்றே எழுதினோம். இன்று தமிழ்நாட்டில் 'மாற்றுத்திறனாளிகள்' என்பது அரசு வழக்கு. ஆந்திராவில் 'விபின்ன பிரதிபாவந்துலு' என்கிறார்கள். பெயர் மாறியது நல்லதே. கொடுக்கும் முறையும் அதற்கேற்ப மாற வேண்டும்.

எடுத்துக்காட்டுகளை என் சொந்த ஊரான சித்தூர்ப் பக்கத்திலிருந்தே தருகிறேன். 1911-ஆம் ஆண்டு வரை வடஆர்க்காடு மாவட்டத்தோடு இருந்த ஊர் அது. இன்றும் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே கேட்கும். 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தபோது திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. தாயகம் செல்லும் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை திருப்பதிக்குப் போகாமல் திரும்புவதில்லை. ஆகவே இந்த இடங்கள் உங்களுக்கும் அந்நியமல்ல.

1. வரவும் மிச்சமும்

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 300 பேர் வருகிறார்கள், நுழைவுச் சீட்டு 20 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவு 6,000 டாலர். மண்டப வாடகை 1,400, ஒலி ஒளி 700, சாப்பாடு 1,500, கலைஞர்களின் பயணமும் தங்கலும் 900, அச்சும் காப்பீடும் 300. ஆகச் செலவு 4,800. மிச்சம் 1,200 டாலர். மக்கள் கொடுத்த ஒவ்வொரு ஐந்து டாலரிலும் ஒரு டாலர்தான் ஊருக்குப் போகிறது.

இதனால் விழாவே வீண் என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் மேடையேறுகிறார்கள், புதிதாகக் குடிவந்தவர்கள் நாலு பேரைத் தெரிந்துகொள்கிறார்கள். உள்ளூர்க் கடைக்காரர்கள் சாப்பாட்டுச் செலவையும் மண்டப வாடகையையும் ஏற்றுக்கொண்டால் மிச்சம் நன்றாகவே உயரும். ஆனால் மேடையில் அறிவிக்க வேண்டியது வரவை அல்ல, மிச்சத்தை. இரண்டையும் சேர்த்து அறிவித்தால் இன்னும் நல்லது. வரவு செலவை மறைக்காத சங்கத்தை மக்கள் அடுத்த ஆண்டும் நம்புவார்கள்.

2. தேவை எவ்வளவு நீளம்?

வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்கு ஒரே தடவையில் திரட்டி அனுப்பும் தொகை உடனே பயன் தரும். ஊனத்துக்கான தேவை அப்படிப்பட்டதல்ல. செவிக்கருவி வாங்கிக் கொடுத்தால் அதற்கு மின்கலம் வேண்டும், குழந்தை வளர வளரக் காதில் பொருந்தும் அச்சை மாற்ற வேண்டும். காலிப்பரும் செயற்கைக் காலும் குழந்தையின் உயரத்தோடு மாற வேண்டியவை. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்குப் பாடம் சொல்லும் ஆசிரியைக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும்.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது வளைபாதம். பாதம் உள்நோக்கித் திரும்பிய நிலையில் குழந்தை பிறப்பது. ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி நேர்கிறது. அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய டாக்டர் இக்னேஷியோ பொன்செட்டி வகுத்த முறையே இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி மாவுக்கட்டுப் போடுவார்கள். வாரம் ஒரு முறை அதைப் பிரித்து, இன்னும் சற்றுத் திருப்பி, மறுபடி கட்டுவார்கள். பெரும்பாலும் ஐந்தாறு கட்டுகளில் பாதம் நேராகிவிடும். பல குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டும் தேவைப்படும். இரண்டே மாதத்தில் பார்ப்பவர் வியக்கும் மாற்றம். புகைப்படம் எடுத்து விழா மலரில் போட ஏற்ற காட்சி!

ஆனால் சிகிச்சை அங்கே முடிவதில்லை. ஒரு கம்பியின் இரு முனைகளிலும் பொருத்திய காலணிகளைக் குழந்தை முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 23 மணி நேரம் அணிய வேண்டும். பிறகு நான்கு வயதுவரை, தூங்கும் நேரமெல்லாம் அணிய வேண்டும். கால் வளர வளரக் காலணியையும் மாற்ற வேண்டும். நடுவில் விட்டால் பாதம் பழையபடி திரும்பிவிடக்கூடும்.

என் அக்கா மகளின் பையனுக்கு இப்படித்தான் ஆயிற்று. சித்தூர்ப் பக்கம் ஒரு சிறிய தொண்டு நிலையத்தில் கட்டுப் போட்டுப் பாதம் அழகாக நேராகிவிட்டது. அந்த நிலையத்துக்குக் காலணி வாங்க வெளிநாட்டிலிருந்து ஒரு குழு விழா நடத்திப் பணம் அனுப்பியிருந்தது. பையனுக்கு ஒன்றரை வயதானபோது நான் ஊருக்குப் போயிருந்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"முதல் ரெண்டு ஜோடி அவங்களே குடுத்தாங்க மாமா. மூணாவதுக்குப் போனா, அந்தப் பணம் தீந்துபோச்சு, அங்க அடுத்த ஃபங்ஷன் நடந்தா வரும்னாங்க. அதுவரைக்கும் கால் வளராம இருக்குமா மாமா?"

என்னிடம் பதில் இல்லை. அளவு சிறுத்த காலணியைக் குழந்தை போட மறுத்து, சில மாதம் அணியாமலே கழிந்து, பாதம் உள்ளே திரும்பத் தொடங்கியிருந்தது. வேறோர் ஊரில் மறுபடி கட்டுப் போட்டு நேராக்கினார்கள். இன்று ஓடியாடுகிறான். ஆனால் அந்த இரண்டாவது வலிக்குக் காரணம் பணம் இல்லாமை மட்டுமல்ல. கட்டுக்குப் பணம் திரட்டியவர்கள் காலணி நான்கு ஆண்டுக்கு வேண்டும் என்று கணக்குப் போடவில்லை.

3. திருப்பதியின் இரண்டு வழிகள்

நீண்ட காலத் தேவைக்கு எப்படிக் கொடுப்பது என்பதற்கான விடை நாம் அடிக்கடி போய்வரும் திருப்பதியிலேயே இருக்கிறது.

திருமலை உண்டியலில் நாம் போடுவது ஒரு வழி. போட்ட கை மறந்துவிடும். மற்றொரு வழியை அன்னதானத் திட்டத்தில் காணலாம். என்.டி.ராமராவ் முதலமைச்சராக இருந்த 1985-ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம் அது. பக்தர் கொடுக்கும் தொகையை உடனே அரிசியாக்கிச் செலவழித்துவிடாமல், வங்கியில் வைப்பாக வைத்து வட்டியைக் கொண்டு சோறு போடுவதே அதன் அடிப்படை ஏற்பாடு. சிறிய அளவில் தொடங்கியது, இன்று நாள்தோறும் பல்லாயிரம் பேருக்கு இலை போடுகிறது. பசி தினமும் வரும். ஆகையால் வருமானமும் தினமும் வர வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள்.

அதே 1985-இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் கீழ்த் திருப்பதியில் ஊனமுற்றோருக்கான அறுவை சிகிச்சை, ஆய்வு, மறுவாழ்வு நிலையம் ஒன்றையும் நிறுவியது. 'பர்ட்' மருத்துவமனை என்றால் ஆட்டோக்காரர் நேரே கொண்டுபோய் விடுவார். சுவிம்ஸ் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருந்த காலத்தில் பிறந்த நிலையம் அது. இந்தியாவில் கடைசியாக இயற்கையான போலியோ 2011 ஜனவரியில் பதிவாயிற்று. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இப்பகுதியைப் போலியோ அற்றதென அறிவித்தது. ஆயினும் அன்று நோய் கண்ட பிள்ளைகள் இன்று நடுவயதினர், அவர்களுக்குக் காலிப்பர் இன்னமும் வேண்டும். நோய் போய்விட்ட பிறகும் தேவை நாற்பது ஆண்டு நீள்கிறது.

இன்னோர் எடுத்துக்காட்டு, நம் வீடுகளில் விடியற்காலையில் ஒலிக்கும் வெங்கடேச சுப்ரபாதம். எம்.எஸ்.சுப்புலட்சுமி அவர்கள் பாடி 1963-இல் வெளியான இசைத்தட்டின் உரிமைத்தொகையைத் தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கே எழுதி வைத்தார்கள். நற்பணிகளுக்காக அவர்கள் பாடிக் கொடுத்த கச்சேரிகள் ஏராளம். 1974-இல் கிடைத்த மகசேசே விருதே பொதுத் தொண்டுக்கானது. கச்சேரியின் வசூல் அன்றிரவோடு முடியும். உரிமைத்தொகையோ தட்டு விற்கும் வரை வந்துகொண்டிருக்கும். இரண்டு வழியையும் அறிந்து கொடுத்தவர் அவர்.

4. மேடையில் யாரை, எப்படி?

விழா என்றதும் சிலர், "ஒரு பிள்ளையின் பரிதாபமான படத்தைப் பெரிதாகப் போடுங்கள், வசூல் கூடும்" என்பார்கள். கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு விலை உண்டு.

அமெரிக்காவில் நடிகர் ஜெரி லூயிஸ் 1966 முதல் 2010 வரை தசைச் சிதைவு நோயாளிகளுக்காக ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் நெடுநேர நிதி திரட்டு நிகழ்ச்சி நடத்தினார். கோடிக்கணக்கில் டாலர் சேர்ந்தது. ஆயினும் 1990-களின் தொடக்கத்தில் அந்த நோயுள்ளவர்களே எதிர்த்துப் போராடினார்கள். குழந்தைப் பருவத்தில் அதே நிகழ்ச்சிக்கு முகம் காட்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள். "எங்களைப் பார்த்து அழுகிறவர் எங்களுக்கு வேலை தரமாட்டார்" என்பதே அவர்கள் வாதத்தின் சாரம்.

இதற்கு மாறாகக் கனடாவின் ரிக் ஹான்சன், முதுகெலும்பில் அடிபட்டவர், 1985 முதல் 1987 வரை சக்கர நாற்காலியிலேயே 34 நாடுகளைச் சுற்றி 2 கோடியே 60 லட்சம் டாலர் திரட்டினார். கொடுத்தவர்கள் அவரைப் பார்த்து இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை, வியந்து கொடுத்தார்கள்.

நம் பக்கத்திலும் இத்தகையோர் உண்டு. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் வேலூரில், சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டபோது அதற்குத் தலைமை ஏற்றவரும் அவரே. தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்தவர். 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆகவே விழா மேடையில் பிள்ளைகளைக் காட்சிப்பொருள் ஆக்க வேண்டாம். பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதமின்றி யார் படமும் வேண்டாம். நம் ஊரிலேயே சக்கர நாற்காலியில் வாழும் தமிழர் இருந்தால் அவரைப் பேச அழையுங்கள். அதற்கு முன் அந்த மேடைக்குச் சாய்தளம் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் ஏற முடியாத மேடையில் அவருக்காக நிதி திரட்டுவது பொருந்துமா?

5. பொருளா, பணமா?

பழைய சக்கர நாற்காலிகளைச் சேர்த்துக் கப்பலில் அனுப்புவோம் என்ற யோசனையும் அடிக்கடி வரும். சித்தூர் அருகே ஓர் இல்லத்தில் அப்படி வந்த நாற்காலிகள் வராந்தா ஓரம் தூசி படிந்து கிடந்ததைப் பார்த்தேன். பளிங்குத் தரைக்குச் செய்த சின்ன முன்சக்கரம் மண்ணில் புதைகிறது. பெரியவர் அளவு இருக்கை பத்து வயதுப் பையனுக்குப் பொருந்தாமல் முதுகு வளைகிறது. உணர்ச்சியற்ற உடலுக்குச் சரியான மெத்தை இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும், அது உயிருக்கே ஆபத்து. நாற்காலியை ஆளுக்கு ஏற்ப அளந்து, பொருத்தி, பழக்கி, பழுதானால் சரிசெய்து தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டி வலியுறுத்துகிறது. எனவே பணமாக அனுப்புங்கள். அளந்து செய்பவர் அங்கேயே இருக்கிறார்.

அரசு தருவது என்ன என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆந்திர அரசு 2024 ஜூலையில் ஊனமுற்றோர் மாத உதவித்தொகையை 3,000 ரூபாயிலிருந்து 6,000 ஆக்கியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்கிறது, 1995 சட்டத்தில் இருந்தவை 7 மட்டுமே. சான்றிதழும் அடையாள அட்டையும் பெற அலைய முடியாத குடும்பங்கள் பல. அவர்களை அழைத்துப்போய் வாங்கித் தரும் ஒரு களப்பணியாளரின் சம்பளத்தை நாம் ஏற்றால், நாம் கொடுத்ததைப் போலப் பல மடங்கு அரசிடமிருந்து அவர்களுக்கு வந்து சேரும்.

6. சட்டத்தை அறிந்து அனுப்புவோம்

வெளிநாட்டிலிருந்து இந்தியத் தொண்டு நிறுவனத்துக்குப் பணம் போவது 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு உட்பட்டது. 2020-இல் அது மேலும் இறுக்கமாயிற்று. மனத்தில் கொள்ள வேண்டியவை இவை:

நிறுவனம் அச்சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு ஐந்தாண்டுக்கே செல்லும், காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள்.

பணம் முதலில் புதுடில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள அந்நிறுவனத்தின் கணக்குக்கே போக வேண்டும். உள்ளூர்க் கிளைக் கணக்கு எண்ணை யாராவது தந்தால் அனுப்பாதீர்கள்.

பெற்ற பணத்தை அவர்கள் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தர முடியாது. பெரிய நிறுவனத்துக்கு அனுப்பிச் சிறியதற்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லும் பழைய வழக்கம் இனிச் செல்லாது.

நிர்வாகச் செலவு நூற்றுக்கு 20-ஐத் தாண்டக்கூடாது. பள்ளி ஆசிரியர், மருத்துவமனை மருத்துவர் போன்றோரின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. ஆகவே சம்பளத்துக்குக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

நம்மில் இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. இந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், தருவது வெளிநாட்டு நன்கொடையே. ஆகையால் எல்லோர் பணத்தையும் ஒரே உறையில் போட்டு அனுப்பக் கூடாது.

இது சிறிய விஷயமன்று. உண்டியலில் விழுந்த வெளிநாட்டு நோட்டுகளைப் போட்டவர் யார் என்று காட்ட இயலாமல் தேவஸ்தானமே கோடிக்கணக்கில் அபராதம் கட்ட நேர்ந்ததாக 2023-இல் செய்தி வந்தது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலை என்றால், இரண்டு அறைகளில் நடக்கும் ஒரு சிறு இல்லம் என்ன ஆகும்? நாம் ஆசையோடு அனுப்பும் பணமே அதன் பதிவுக்கு உலை வைத்துவிடக்கூடும்.

7. அடுத்த விழாவை இப்படிச் செய்து பார்க்கலாம்

முதற்கணக்குக்குத் திரும்புவோம். ஒரு மாலையின் மிச்சம் 1,200 டாலர். அதே அவையில் இருந்த 300 பேரில் 60 குடும்பங்கள் மாதம் 20 டாலர் தர முன்வந்தால் மாதத்துக்கு 1,200, ஆண்டுக்கு 14,400. ஆகவே விழாவை வசூல் நாளாக எண்ணாமல், மாதக் கொடையாளர்களைச் சேர்க்கும் நாளாக எண்ண வேண்டும். வாசலில் உண்டியலோடு கையெழுத்துப் படிவமும் பேனாவும் இருக்கட்டும்.

நிறுவனத்தைத் தேர்ந்தபின் அவர்களிடம் முதலில் கேளுங்கள்: "உங்களுக்கு மூன்று ஆண்டுக்கு உறுதியாக வேண்டியது எது?" ஓர் ஆசிரியையின் சம்பளமா, பத்துக் குழந்தைகளின் காலணியா, வாரம் இருமுறை வரும் இயன்முறை மருத்துவரா? அவற்றில் ஒன்றை மட்டும் ஏற்று, எழுத்தில் உறுதி கொடுங்கள். கடைசி ஆண்டு தொடங்கும்போதே, தொடர்வோமா இல்லையா என்று சொல்லிவிடுங்கள். திடீரென நிறுத்துவது கொடாமல் இருப்பதைவிடக் கொடிது. ஓராண்டுச் செலவைக் கையிருப்பாக ஒதுக்கியபின் புதிய பிள்ளையைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் குடும்பங்கள் இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளைகளோடு பேசிப் பார்க்கச் சில கேள்விகள்:

நம் சங்கத்தின் சென்ற விழாவில் வரவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு?

அந்தப் பணம் யாருக்குப் போயிற்று? இப்போது அவர் எப்படி இருக்கிறார்?

நம் வீட்டுக்கும் நாம் கூடும் மண்டபத்துக்கும் சக்கர நாற்காலியில் ஒருவர் வர முடியுமா?

மாதம் ஒரு தடவை வெளியில் சாப்பிடுவதைக் குறைத்தால் எவ்வளவு மிஞ்சும்? அதை எத்தனை ஆண்டு தர நம்மால் இயலும்?

கடைசிக் கேள்விக்குப் பெரியவர்கள் தயங்குவார்கள், பிள்ளைகள் சட்டென்று பதில் சொல்வார்கள். அந்தப் பதிலைப் படிவத்தில் எழுதி, அடுத்த விழா நாளன்று வாசலில் கொடுங்கள்.